போர்டைப் பார்த்து ஏறாத டீச்சர்

போனை நீட்டினால் கோமளவல்லி முதலில் அதைக் குப்புறப் போடுவார். நீட்டியவர் பாவம், "லேட்டஸ்டு டீச்சர், போன வாரம்தான் வாங்குனது" என்று பெருமையாகத் தொடங்கியிருப்பார். இவர் ஒற்றைக் கையால் வாங்கி, பாகற்காயைத் தராசில் போடுகிற மாதிரி மேசையில் கவிழ்த்துவிட்டு, "அது கெடக்கட்டும். என்ன செய்ய மாட்டேங்குது, அதச் சொல்லுங்க" என்பார்.

ஏன் இப்படி என்று ஒருநாள் கேட்டேன்.

"மூஞ்சியப் பாத்தா நம்பிருவோம் அண்ணாச்சி. தன்னப் பத்தி அது என்னத்தையாவது எழுதி வச்சிருக்கும். நம்மளும் வாசிச்சிட்டு மண்டைய ஆட்டுவோம். பொறவு தலையில கைய வச்சிக்கிட்டு இருக்கணும்."

தக்கலை பேருந்து நிலையத்துக்குப் பின்பக்கம், நேந்திரங்காய் சிப்ஸ் பொரிக்கிற கடைக்கு மேல்மாடியில் ஒற்றை அறை. அதுதான் அவருடைய அலுவலகம். வாசல் பலகையில் 'கம்ப்யூட்டர்' என்ற சொல் மட்டும் மிச்சமிருக்கிறது. பாக்கி எழுத்துகளை மழை தின்றுவிட்டது. புதிதாக எழுதச் சொன்னால், "இன்ன வேலைன்னு எழுதுனா அந்த வேலைய மட்டும்லா கொண்டு வருவாவ" என்பார். கீழே எண்ணெய்ச் சட்டி காய ஆரம்பித்தால் மேலே அவருடைய புடவை, மேசை, கீபோர்டு எல்லாமே தேங்காய் எண்ணெய் மணக்கும். என் மடிக்கணினியை ஒருமுறை பழுது பார்க்க விட்டு வாங்கினேன். ஒரு மாதத்துக்கு அதைத் திறந்தபோதெல்லாம் எனக்குப் பசித்தது.

வயது ஐம்பத்திரண்டு. கொண்டையில் பூ இருக்காது, சிறிய ஸ்குரூடிரைவர் ஒன்று செருகியிருக்கும். பால் சேர்க்காத கட்டன் சாயா வாங்கி வரச் சொல்வார். சூடாகக் குடித்து நான் பார்த்ததில்லை. ஆறி, மேலே ஓர் எறும்பு மிதக்கிற பக்குவம் வந்த பிறகுதான் டம்ளர் அவர் நினைவுக்கு வரும். எப்போதோ அந்த அறையில் வகுப்பு நடத்தியதால் ஊரே 'டீச்சர்' என்கிறது. இப்போது யாராவது படிக்க வந்தால், "எனக்குப் பொறுமை கெடையாது மக்கா, வேற எடம் பாரு" என்று மாடிப்படியைக் காட்டிவிடுவார்.

பேருந்து விஷயத்திலும் இதே கதைதான். நெற்றியில் கொட்டை எழுத்தில் ஊர் பெயர் எரிந்துகொண்டிருக்கும். இவர் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு, "இது எங்க போவும்?" என்பார். கண்டக்டர் ராஜகுமாருக்கு இவரைக் கண்டாலே எரிச்சல். "போர்டு போட்டிருக்குல்லா டீச்சர்?" என்று அவர் சீறினால், "போர்டு நீரு காலையில போட்டது. பஸ்ஸு இப்பம்லா போவுது" என்று பதில் வரும். சிரிக்காதீர்கள். ஒரு நாள் தேங்காப்பட்டணம் போக வேண்டிய நான், போர்டைப் படித்துவிட்டு அறிவாளியாக ஏறி உட்கார்ந்து, நாகர்கோவில் வடசேரியில் போய் இறங்கினேன். திரும்பி வரும் வண்டியில் போர்டைத் திருப்ப மறந்திருக்கிறார்கள். அன்று முதல் நானும் கேட்டுத்தான் ஏறுகிறேன், கொஞ்சம் மெல்லிய குரலில்.

அவருடைய தொழில் புரோகிராம் எழுதுவது. முப்பது வருடமாகத் தக்கலை வட்டாரத்து ரப்பர் கடைகளுக்கும் துணிக்கடைகளுக்கும் கணக்கு புரோகிராம் எழுதிக் கொடுத்துவருகிறார். அந்தத் தொழிலில் நமக்குத் தெரியாத ஒரு சங்கடம் உண்டு என்று சொன்னார். எந்த புரோகிராமாக இருந்தாலும், தான் ஓடப்போகிற கருவியிடம் முதலில், 'உன் உள்ளே இருப்பது எந்த விண்டோஸ், எந்த ஆண்ட்ராய்டு, எத்தனையாவது பதிப்பு?' என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டுமாம். ஒவ்வொரு பதிப்புக்கும் வழக்கம் வேறு.

"கல்யாணம் ஆயி ஒரு வீட்டுக்குப் போறோம் அண்ணாச்சி. சோறு வடிக்கிற வீடா, குக்கர் வைக்கிற வீடான்னு கேட்டுட்டுத்தானே அடுப்படியில கைய வைக்கணும்? அதாக்கும் வெர்ஷன் கேக்குறது."

"கேட்டால் சொல்லிவிடப் போகிறது. இதில் என்ன சங்கடம்?"

"சொல்லும். உள்ளதச் சொல்லணும்லா?"

பிறகு ஒரு கதை சொன்னார். ரப்பர் வியாபாரி நாராயணபெருமாளின் கடைக்கு இவர் இளவயதில் எழுதிக் கொடுத்த புரோகிராம் ஒன்று. கம்ப்யூட்டர் பழுதாகிப் புதிது வாங்கியதும் அது ஓட மறுத்தது. உள்ளே இருக்கிற புதிய விண்டோஸைப் பார்த்து மிரண்டுவிட்டது. யாரோ ஒருவர் வந்து எதையோ மாற்றி ஓட வைத்துவிட்டுப் போயிருக்கிறார். இவர் போய்ப் பார்த்தால், புரோகிராம் கேட்கிற கேள்விக்கு அந்தப் புத்தம்புது விண்டோஸ் கூசாமல், 'நான் உன் காலத்துப் பழைய விண்டோஸ்தான்' என்று பதில் சொல்லிக்கொண்டிருக்கிறது! பழைய புரோகிராம்கள் பயந்து நின்றுவிடாமல் இருக்க, அப்படிச் சொல்வதற்கென்றே அதற்குள் ஒரு வசதி வைத்திருக்கிறார்களாம்.

"எனக்கு மொதல்ல கோவம் வந்துது. பச்சப் பொய்யில்லா சொல்லுது, சவம்! பொறவு யோசிச்சிப் பாத்தேன். அது பொய்யில்ல அண்ணாச்சி, மரியாதை. வயசான ஒண்ணு தட்டுத்தடுமாறி வந்து, 'யாருப்பா நீ'ன்னு கேக்குது. 'நான் ஒனக்க பழைய ஆளுதான், பயப்படாம இரி'ன்னு சொல்லி உக்கார வைக்குது. கொள்ளாம்லா?"

இதைச் சொல்லும்போது அவர் முகம் கனிந்திருந்தது. ஒரு விண்டோஸை இப்படி வாயாரப் புகழ்ந்த ஒருவரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

சுமைரா அந்த மாடிப்படியில் ஏறி வந்தது கடந்த மே மாதம். நானும் அப்போது அங்கே இருந்தேன். வேலையில்லாதவன் எங்கேதான் இருக்க மாட்டான்? தேங்காப்பட்டணத்துப் பெண், இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும். பிறவியிலேயே காது கேட்காது. வீட்டில் தையல் வேலை. தக்கலைக்கு நூல் வாங்க வந்தவர் பலகையைப் பார்த்து மேலே வந்திருக்கிறார். பேச்சு இல்லை, ஆனால் அந்தக் கைகளுக்கு விளங்காத மொழியே இல்லை. கைகளைத் தொட்டிலாக்கி ஆட்டிக் காட்டினார். கண்ணைக் கசக்கி வாயைக் கோணி, பிள்ளை அழுவதைக் காட்டினார். தன் காதைத் தொட்டு, இல்லை என்று கையை விரித்தார். பிறகு போனை எடுத்து இடுப்பில் செருகி, உடம்பு முழுவதும் நடுங்கிக் காட்டிவிட்டு, கண்கள் விரிய எங்களைப் பார்த்தார்.

"பிள்ள கரைஞ்சா இடுப்புல இருக்க போன் அதிரணும். அவ்வளவுதானே?" என்றார் கோமளவல்லி, வாயசைவு தெரியும்படி நிறுத்தி நிறுத்தி. சுமைரா தலையை ஆட்டிய வேகத்தில் முக்காடு நழுவியது.

விஷயம் வெறும் வசதிக்கானதல்ல. சுமைராவின் கணவர் அனஸ் மஸ்கட்டில் இருக்கிறார். வீட்டில் மாமியார் ஷாஜிதா பேகம், பதினோரு மாதக் குழந்தை அஃப்னா, சுமைரா மூன்று பேர்தான். கொளச்சலில் இருக்கிற மகளுக்கு ஜூனில் பேறுகாலம்; ஷாஜிதா போயே ஆக வேண்டும், நாற்பது நாளாவது ஆகும். சுமைராவால் கூடப் போக முடியாது. பள்ளிக்கூடம் திறக்கிற நேரம், சீருடைத் துணி வீடு நிறையக் குவிந்து கிடக்கிறது. ஆகவே பேத்தியைத் தன்னோடு கொண்டுபோவதென்று மாமியார் முடிவு செய்துவிட்டார். அவரைக் கொடுமைக்காரி என்று நினைத்துவிடாதீர்கள். ஒருநாள் அவர் கடைக்குப் போய்த் திரும்பியபோது உள்ளறைத் தொட்டிலில் குழந்தை அழுது அழுது தொண்டை கட்டிக் கிடந்திருக்கிறது. முன்னறையில் சுமைரா முதுகைக் காட்டிக்கொண்டு தைத்துக்கொண்டிருந்திருக்கிறார். அந்தக் காட்சியை ஷாஜிதாவால் மறக்க முடியவில்லை. சுமைராவாலும் முடியவில்லை. பெற்ற பிள்ளையை வைத்துப் பார்க்க இவளால் ஆகாது என்று வீடு முடிவு செய்துவிட்டதை அந்தப் பெண் கைகளால் சொன்ன விதத்தை என்னால் எழுத முடியாது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

கடையில் கிடைக்கிற ரெடிமேட் சமாச்சாரம் எதுவும் உதவாது என்பதையும் சுமைராவே விளக்கினார். தையல் மெஷினுக்கு மோட்டார் போட்டிருக்கிறது. அது ஓடும்போது மேசை, நாற்காலி, உடம்பு எல்லாம் அதிரும். போன் சும்மா அதிர்ந்தால் அந்த அதிர்வில் கரைந்துபோகும். தாளம் வேறாக இருக்க வேண்டும். எந்தத் தாளம் என்று கேட்டதற்கு, கோமளவல்லியின் கையைப் பிடித்து முழங்கைக்குக் கீழே தட்டினார்: இரண்டு தட்டு, ஒரு நிறுத்தம், ஒரு தட்டு. அஃப்னாவைத் தூங்க வைக்கத் தட்டுகிற தட்டு.

கோமளவல்லி வேலையை முடித்தார். தொட்டில் பக்கத்தில் ஆணியில் தொங்கப்போவது அவருடைய அலமாரியில் கிடந்த பழைய போன், அது அழுகையைக் கேட்டு, சுமைராவின் இடுப்பிலிருக்கும் போனுக்குச் சொல்லும், அது தட்டும். தக்கலையில் அகப்பட்ட போன்களிலெல்லாம் போட்டுப் பார்த்தார். சிப்ஸ் கடைக்காரர் போன் தட்டியது. என் போன் தட்டியது. கண்டக்டர் ராஜகுமாரின் போன்கூட முறைத்துக்கொண்டே தட்டியது.

தேங்காப்பட்டணத்துக்கு அவருடன் நானும் போனேன். ஓட்டு வீடு. பின்னால் தென்னைகளுக்கு அப்பால் கடல் இரைந்துகொண்டிருந்தது. ஷாஜிதா பேகம் ஏற்கெனவே பை கட்டி வைத்துவிட்டார். குழந்தையின் சின்னச் சட்டை ஒன்று அதிலிருந்து எட்டிப் பார்த்தது. சுமைரா தன் போனை எடுத்து நீட்டினார். மஸ்கட்டிலிருந்து கணவர் அனுப்பியது. பெரிய திரை, முதுகில் நான்கு கேமராக் கண்கள். சுமைரா அதைப் பட்டுத்துணி உறையில் வைத்திருந்தார். மற்ற பெண்கள் கணவனோடு போனில் பேசுவார்கள். இவருக்கு அந்தத் திரையில் அனஸின் கைகள் தெரிந்தால்தான் பேச்சு. கோமளவல்லி வழக்கம்போல் அதைக் குப்புறப் போட்டார், புரோகிராமை ஏற்றினார், இடுப்பில் செருகச் சொன்னார்.

ஷாஜிதா தொட்டிலருகே போய்க் குழந்தை மாதிரி அழுது காட்டினார். நன்றாகவே அழுதார். சுமைரா அசையவில்லை. போனை எடுத்துப் பார்த்தால் புரோகிராமைக் காணோம். தட்ட வேண்டிய நொடியில் தானாக மூடிக்கொண்டுவிட்டது. மறுபடி ஏற்றினார். ஷாஜிதா மறுபடி அழுதார். மறுபடி காணோம்.

"பாத்தியளா டீச்சரே" என்றார் ஷாஜிதா. குரலில் ஏளனம் இல்லை, களைப்புதான். "எனக்கு மட்டும் ஆசையா, தாயையும் பிள்ளையையும் பிரிக்க? பிள்ளைக்க காரியமாக்கும். இத நம்பி நான் எப்டி விட்டுட்டுப் போவ?"

கோமளவல்லி மடிக்கணினியைத் திறந்து, வயரைச் செருகி, வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஸ்குரூடிரைவரைக் கொண்டையிலிருந்து உருவி மறுபடி அங்கேயே செருகினார். அவர் நிலைகுலைந்தால் செய்கிற காரியம் அது. "தப்பு எனக்கதாக்கும். போனுக்கு ஒண்ணுமில்ல. நீங்க எப்பம் கொளச்சலுக்குப் போறிய?" என்று கேட்டார்.

"திங்கக்கெழமை."

"ஞாயித்துக்கெழமை வாரேன்."

திரும்பும் பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டார். கருங்கல் ஊரைத் தாண்டியதும் தன் தலையில் தானே ஒரு குட்டு வைத்துக்கொண்டார்.

"போர்டப் பாத்து ஏறிட்டேன் அண்ணாச்சி."

விஷயம் இதுதான். போன் அதிர்வதற்கு ஆண்ட்ராய்டில் ஒரு பழைய வழி இருக்கிறது, பன்னிரண்டாம் பதிப்புக்குப் பிறகு ஒரு புது வழி வந்திருக்கிறது. திரை அணைந்திருக்கும்போது பழைய வழியில் சொன்னால் புதிய போன்கள் காதில் போட்டுக்கொள்வதில்லை. புது வழியில் சொன்னால் பழைய போன்களுக்குப் புரியாமல் புரோகிராமே விழுந்துவிடும். அதனால் இவர் எல்லோரையும் போல, 'நீ எத்தனையாவது பதிப்பு?' என்று கேட்கிற ஒரு வரியை அவசரத்தில் எழுதிவிட்டார். சுமைராவின் போன், 'பதினாலு' என்றிருக்கிறது. செட்டிங்ஸிலும் பதினாலு, உள்ளே கேட்டாலும் பதினாலு. உண்மையில் அதற்குள் இருப்பது எட்டு. யாரோ ஒரு புண்ணியவான் பழைய சரக்குக்குப் புது உறை போட்டு, கேட்கிறவர்களுக்கெல்லாம் பொய் சொல்லவும் பழக்கி, அனஸின் தலையில் கட்டியிருக்கிறான்.

"ரெண்டு வீட்டுக்கு ஒரு வீட்டுல கல்ஃப் பார்சல்ல வந்த போன் இருக்க ஊருல இருந்துக்கிட்டு, கடையில வாங்குன போன்ல மட்டும் டெஸ்ட் பண்ணிருக்கேன் பாருங்க. மாடு விக்கிறவன்கிட்டயா வயசு கேப்பாவ? வாயத் தொறந்து பல்லப் பாக்கணும். எங்க வீட்டுல அறியாத பிள்ளைக்கும் தெரியும் இது."

"அவர்களிடம் சொல்லிவிட வேண்டியதுதானே?" என்றேன். எனக்கு அந்தப் போனை விற்றவன்மேல் கொதித்துக்கொண்டு வந்தது.

"சொல்லலாம். அனஸ் அத ஆசையா வாங்கி அனுப்பிருக்கான். அவ பட்டுல பொதிஞ்சு வச்சிருக்கா. அத ஒடச்சிப்போட எனக்கு மனசில்ல. சொல்லாமலும் முடியாது அண்ணாச்சி. பச்சப்பிள்ள காரியம். கள்ளப் போன நம்பிப் பிள்ளைய விடுன்னு எந்த வாயால சொல்ல?"

வேறு போன் ஒன்று தருகிறேன் என்று கிளம்பும்போதே சுமைராவிடம் கேட்டுப் பார்த்திருக்கிறார். அந்தப் பெண் போனை மார்போடு அணைத்துக்கொண்டாராம்.

அடுத்த நாட்களில் அவர் புரோகிராமை மாற்றி எழுதினார். பதிப்பு கேட்கிற வரியை எடுத்தே விட்டார். அதற்குப் பதிலாக, 'புது வழியில் தட்டத் தெரியுமா? செய்து காட்டு. தெரியாதா? சரி, பழைய வழி தெரியுமா?' என்று வேலையைக் கேட்கிற வரிகள். பெயரைக் கேட்டால்தானே பொய் சொல்லும், வேலையைக் கேட்டால் எப்படிப் பொய் சொல்லும் என்றார். இன்னொன்றும் சேர்த்தார். சும்மா இருக்கும்போதும் அந்தப் போன் அவ்வப்போது இடுப்பில் ஒரே ஒரு சின்னத் தட்டு தட்டிக்கொண்டே இருக்கும், 'இருக்கேன்' என்று. இரண்டு போன்களில் எது மக்கர் செய்தாலும் அந்தத் தட்டு நின்றுவிடும். நின்றால் எழுந்து போய்ப் பார்க்க வேண்டியதுதான். திரையில் முன்பு போனின் பெயர், பதிப்பு எல்லாம் வரிசையாக வரும், அதையும் அழித்துவிட்டார். இப்போது 'கேட்டுக்கிட்டு இருக்கேன்' என்று ஒரே ஒரு வரிதான்.

ஞாயிற்றுக்கிழமை போனபோது, உள்ளே போனதும் மாமியாரைச் சாயா போடச் சொல்லி அனுப்பிவிட்டு, சுமைராவைப் பக்கத்தில் உட்கார வைத்தார். போனைக் கையில் எடுத்தார். எப்படித் தொடங்குவதென்று தெரியாமல் அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். ஸ்குரூடிரைவரை உருவினார், செருகினார். முப்பது வருடம் கம்ப்யூட்டரோடு மல்லுக்கட்டியவர் ஒரு சின்னப் பெண்ணின் முகத்தைப் பார்த்துத் திணறியதை அன்றுதான் கண்டேன்.

சுமைரா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சிரித்தார். போனை மெதுவாக வாங்கி, கேமராவைத் திறந்து எங்கள் பக்கம் பிடித்தார். திரையில் கோமளவல்லியும் நானும் அசடு வழிந்துகொண்டு தெரிந்தோம். முதுகிலிருக்கும் நான்கு கண்களில் ஒன்றை விரலால் மூடினார். படம் அப்படியே இருந்தது. இரண்டாவதை மூடினார். மூன்றாவதையும் மூடினார். நாங்கள் திரையில் அசையாமல் இருந்தோம். மூன்றும் வெறும் பொட்டு. ஒன்றுதான் கண்.

எல்லாம் அவருக்குத் தெரிந்திருக்கிறது! போன் வந்த அன்றே தெரிந்திருக்கிறது. சுவரில் மாட்டியிருந்த அனஸின் படத்தைக் காட்டி, விரலை உதட்டில் வைத்து, தலையை இடமும் வலமுமாக ஆட்டினார். அவருக்குத் தெரிய வேண்டாம்.

கோமளவல்லி அந்தப் பெண்ணின் கன்னத்தில் ஒரு தட்டு தட்டினார். "ஏட்டி, நீ எனக்க தொழிலுக்கு வந்திருக்க வேண்டியவ" என்றார். கண் கலங்கியிருந்தது. பிறகு அந்தச் சின்னத் தட்டின் கதையை விளக்கினார்: தட்டு வந்துகொண்டே இருக்க வேண்டும், நின்றால் எழுந்து ஓட வேண்டும், போனை நம்பாதே, தட்டை நம்பு. சுமைரா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார்.

ஷாஜிதா பேகம் இந்த முறை தானே அழுது காட்டச் சம்மதிக்கவில்லை. "நான் கரையுறது வேற, பிள்ள கரையுறது வேற. அது கரையட்டு. பாத்துட்டுச் சொல்லுதேன்" என்றார். நியாயம்தான். உள்ளறையில் அஃப்னா தூங்கிக்கொண்டிருந்தாள். சுமைரா முன்னறையில் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து தைக்கத் தொடங்கினார். நாங்கள் சாயா குடித்தோம், பழம்பொரி தின்றோம், மறுபடி சாயா குடித்தோம். வளர்ந்த மனிதர்கள் மூன்று பேர், ஒரு குழந்தை எப்போது அழும் என்று காத்துக் கிடந்தோம். அதுவோ சொகுசாகத் தூங்கியது. "அல்லாவே, சாதாரண நாளுல வீட்டத் தூக்கித் தலகீழா வைக்குமே" என்று பாட்டியே அலுத்துக்கொண்டார். அன்று கோமளவல்லி சாயாவைச் சூடாகவே குடித்தார். கவனிக்கவே இல்லை.

கடைசியில் தொட்டில் அசைந்தது. ஒரு முனகல். பிறகு நல்ல கணீரென்ற அழுகை.

ஷாஜிதா அனிச்சையாக எழுந்துவிட்டார். கோமளவல்லி அவர் மணிக்கட்டை எட்டிப் பிடித்துக்கொண்டார். மெஷின் ஓடிக்கொண்டேயிருந்தது. நீல நிறச் சீருடைத் துணி ஊசிக்கடியில் போய்க்கொண்டேயிருந்தது. குழந்தையின் அழுகை ஏறியது. "விடுங்க டீச்சரே, விடுங்க" என்று ஷாஜிதா கிசுகிசுத்தார். கிசுகிசுக்கத் தேவையில்லை என்பதுகூட எங்களுக்குத் தோன்றவில்லை. கோமளவல்லி விடவில்லை.

மெஷின் நின்றது.

சுமைராவின் கை இடுப்புக்குப் போனது. ஒரு நொடி அங்கேயே இருந்தது, தட்டை எண்ணுகிறவர் போல. பிறகு துணியை உதறிப் போட்டுவிட்டு, எங்கள் யாரையும் பார்க்காமல் உள்ளறைக்கு ஓடினார். அழுகை நின்றது. உள்ளேயிருந்து, வார்த்தையில்லாத அவருடைய சிரிப்புக் குரல் மட்டும் கேட்டது.

ஷாஜிதா பேகம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு மூலையிலிருந்த பையை இழுத்து, அதிலிருந்து பேத்தியின் சட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடியில் போட்டார். "தாயிகூடயே இரிக்கட்டு. அதுக்க எடம் அதுதானே" என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டார். "ஆனா டீச்சரே, நான் தெனம் ரெண்டு தடவ போன்ல விளிப்பேன். பிள்ளையப் படத்துல காட்டணும்." சுமைரா பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசற்படியில் நின்று அந்த வாயசைவைப் படித்தார். மாமியாரைக் கட்டிக்கொண்டார். குழந்தை நடுவில் நசுங்கி மறுபடி அழுதது. போன் மறுபடி தட்டியிருக்க வேண்டும். சுமைரா துள்ளிச் சிரித்தார்.

நாங்கள் கிளம்புகிற நேரத்தில் மஸ்கட்டிலிருந்து அழைப்பு வந்தது. சுமைரா ஒற்றைக் கையால் நடந்ததையெல்லாம் சொல்லி முடித்துவிட்டு, போனைக் கோமளவல்லியிடம் கொடுத்தார். திரையில் தொப்பி வைத்த ஒரு மெலிந்த பையன், வேலையிடத்துத் தூசி முகத்தோடு, பல் தெரியச் சிரித்தான்.

"டீச்சர், ரொம்ப உபகாரம். அவ சொன்னா. அந்தப் போன் பாத்தியளா? அதுக்க வேலைதானே இது? நான் தேடிப் பிடிச்சு வாங்குனதாக்கும். உள்ள பதினாலாக்கும் டீச்சர், லேட்டஸ்டு. எப்டி இருக்கு?"

கோமளவல்லியின் வாயசைவையே சுமைரா பார்த்துக்கொண்டு நின்றார். எந்தப் பொருளின் மேலட்டையையும் நம்பி ஒரு வார்த்தை சொல்லாத மனுஷி.

கோமளவல்லி புடவைத் தலைப்பை எடுத்து அந்தத் திரையை, அதில் சிரித்துக்கொண்டிருந்த முகத்தோடு, மெல்லத் துடைத்தார். முகம் மேலே தெரியும்படி இரண்டு கைகளாலும் ஏந்தி, சுமைராவிடம் நீட்டினார்.